கணினியின் பண்டகசாலை ஏடு



பாலையூற்றிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத சீனன்குடாவிலே, ஆங்கிலேயர் காலத்து எண்ணெய்க் குதங்கள் 99 நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளத்தக்கது. 2022 ஜனவரியில் எழுதப்பட்ட உடன்படிக்கைகளின்படி அவற்றுள் 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கும், 61 அவ்விரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் பகிரப்பட்டன. எக்குதம் எவர் கையில் என்று எழுதிய ஏடு இல்லாதிருப்பின், நிரம்பிய குதத்திலேயே மறுபடியும் எண்ணெய் பாய்ச்ச நேருமன்றோ?

கணினியின் உள்ளேயும் இத்தகைய ஒரு பண்டகசாலை உண்டு. அதன் பெயர் நினைவகம். அதனைக் காத்து, கேட்போருக்குக் கேட்ட அளவு அளந்து கொடுத்து, வேலை முடிந்ததும் மீளப் பெறுவது, இயக்குதளத்தின் கருவாகிய கெர்னல் என்பது. தன் சொந்த வேலைகளுக்கும் அதே களஞ்சியத்திலிருந்தே அது எடுத்துக்கொள்கிறது. தொல்லை பிறப்பது இங்கேதான். எடுத்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்தால், துளித்துளியாக நினைவகம் குறைந்து, பல நாள் ஓடிய பொறி ஒருநாள் திகைத்து நின்றுவிடும். திருப்பிக் கொடுத்த இடத்தை மறதியாக மீண்டும் தொட்டாலோ, அதற்குள் அங்கே குடியேறிய வேறொருவரின் செய்தி சிதைந்து போகும். பின்னது முன்னதினும் கொடிது. பிழை ஓரிடத்திலும் அதன் விளைவு வேறோரிடத்திலுமாகத் தோன்றும்.

லினக்ஸ் என்னும் இயக்குதளத்தை ஆக்குவோர் இதற்குப் பல உபாயங்கள் கண்டனர். திருப்பப்பட்ட இடம் முழுவதையும் ஒரே குறியால் நிரப்பி வைப்பர். பின்னர் அக்குறி கலைந்திருந்தால் எவரோ கைவைத்தனர் என்பது தெளிவு. 2024 இல் வந்த 6.10 ஆம் பதிப்பிலோ, நிரலின் எந்த வரி எவ்வளவு நினைவகம் பெற்றது என்பதையே ஓர் ஏடாக விரித்துக் காட்டும் வசதி சேர்ந்தது. இத்தகைய சோதனைகளுட் சில பொறியின் வேகத்தைக் குறைக்கும்; ஆகையால் தேவையான வேளையில் மட்டும் அவற்றை இயக்குவர்.

இனி, அந்த ஏட்டை எவர் திறக்கலாம்? நெடுங்காலம் லினக்ஸிலே, எந்த அளவுப் பெட்டிகள் எத்தனை நிரம்பியுள்ளன என்னும் பட்டியலைக் கணினியைப் பயன்படுத்தும் எவரும் வாசிக்க முடிந்தது. பழுது பார்ப்போருக்கு அது பெரும் உதவி. ஆனால் கள்வனுக்கும் அதே உதவி கிடைத்தது! எப்பெட்டிக்கு அருகே எப்பெட்டி அமையும் என்று எண்ணிப் பார்த்து, கெர்னலின் பிழையொன்றைத் தன் சாவியாக்க அவனால் இயன்றது. 2011 இல் டான் ரோசன்பெர்க் என்பவர் இப்பட்டியலை நிருவாகி மட்டுமே வாசிக்கத்தக்கதாக்க வேண்டும் என்றார். பட்டியலை மறைத்தாலும் பிழை பிழையாகவே இருக்கும், கள்வனும் வேறு வழி தேடிக்கொள்வான், இடர்ப்படுவோர் பழுது பார்ப்போரே என்று எதிர்வாதம் எழுந்தது. அவ்வாதம் அற்பமானதன்று. ஆயினும் காவலே வென்றது. அவ்வாண்டிலேயே வாசிலி குலிகோவ் எழுதிய திருத்தம் ஏற்கப்பட்டது. 2024 இன் புதிய ஏடும் நிருவாகிக்கு மட்டுமே திறக்கும்.

இன்றும் லினக்ஸ் கணினி ஒன்றில் சாதாரணப் பயனர் அப்பட்டியலைக் கேட்டால், அனுமதி இல்லை என்னும் ஒரு வரியே விடையாக வரும்.