திறந்த ஏடு



2022 டிசம்பரில் நம் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இணைய மாநாடு கூடியது. அத்தகைய அவைகளில் நம் பிள்ளைகளும் அமர்தல் வேண்டும். ஏன்?

மென்பொருள் இருவகைப்படும். ஒன்றன் மூலநிரலை உரிமையாளரன்றிப் பிறர் காண இயலாது. மற்றொன்று திறந்த மூல மென்பொருள். அதனை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் தொடங்கிய லினக்ஸ் அத்தகையது.

இவ்வுரிமையால் விளையும் பயன் யாது? 2024 மார்ச்சில், லினக்ஸ் கணினிகளில் பயன்படும் எக்ஸ்இசட் என்னும் சிறு மென்பொருளில் கள்ளவழி ஒன்று புகுத்தப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. கணினியுள் நுழைய அரை நொடி கூடுதலாவதைக் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரஸ் பிராயிண்ட் என்னும் பொறியாளர், ஆராய்ந்து அதனைக் கண்டுபிடித்தார். அவர் அம்மென்பொருளை ஆக்கியவரும் அல்லர். காக்க நியமிக்கப்பட்டவரும் அல்லர். ஏடு திறந்திருந்தது; கற்றவர் படித்தார்; உலகம் தப்பியது.

ஏட்டைத் தொடும் உரிமையே மறுக்கப்பட்ட மக்கள் நாம். திறந்த ஏட்டின் அருமையை நாமன்றோ அறிவோம்! ஆயினும், கல்லாதவனுக்குத் திறந்த ஏடும் மூடிய ஏடே.

மேலும், செயற்கை நுண்ணறிவு தனக்கு ஊட்டப்பட்ட எழுத்துகளிலிருந்தே தமிழைக் கற்கிறது. நடவிலும் களத்திலும் நம் அன்னையர் வழங்கும் சொற்கள் எழுதப்படாவிடில், அவ்வியந்திரம் அறிந்த தமிழில் நாம் இரோம். அவற்றை எழுதி வைக்க வேண்டியவர் யார்? நீங்களே.

வாய்க்காலைத் தூர்வாராமல் கடைமடைக்கு நீர் வாராது, அறிவும் அத்தகையதே. எனவே இளைஞர்களே, கணிதமும் ஆங்கிலமும் தளராது கற்பீர். நிரல் எழுதப் பழகுவீர். கற்றதை இளையோர்க்குக் கற்பிப்பீர்.