பெருநாழியில் விழுந்த கல்

(ஆனைக்குட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



உலகம் எப்படி உண்டாயிற்று என்று கேட்டால் நம்மவர்கள் உடனே புராணத்தைப் புரட்டுவார்கள். நான் ஒரு கல்லைக் காட்டப் போகிறேன். அது எங்கோ சீமையில் விழுந்ததல்ல. 1857ம் வருஷம் பிப்ரவரி 28ந் தேதி, கமுதிப் பக்கத்துப் பெருநாழியில் ஆகாயத்திலிருந்து விழுந்தது. வெள்ளைக்காரர்கள் அதைப் "பர்னல்லி" என்று எழுதி வைத்து விட்டார்கள். எடை சுமார் 77 கிலோ.

கல் விழுந்தால் கும்பிடுவது, அல்லது ராஜாவுக்கு ஆபத்தென்று பயப்படுவது; இதுதானே நம் வழக்கம்? விஞ்ஞானிகளோ அதை அறுத்து, காகிதத்தைவிட மெல்லிதாகத் தேய்த்து, பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்கள். கல் முழுவதும் கடுகு போன்றும் அதனினும் சிறியதுமான உருண்டைகள்!

பட்டாசுத் தொழில் செய்யும் உங்களுக்கு இது புதிதல்ல. கம்பி மத்தாப்பில் தெறிக்கும் இரும்புப் பொறி, உருகிப் பறந்து ஆறினபின் சிறு உருண்டையாகிறதல்லவா? ஆகவே இவையும் ஒருகாலத்தில் 1,500 டிகிரி அளவு சூடேறி உருகி, வெட்டவெளியில் மிதந்து, சீக்கிரமாக ஆறின துளிகளே. அப்போது பூமி இல்லை, சந்திரனும் இல்லை. சூரியனைச் சுற்றி வாயுவும் தூசியுமே சுழன்றன. தூசியும் துளியும் ஒட்டிக் கல்லாயின. கல் சேர்ந்து குன்றாகி, குன்றுகள் சேர்ந்து கிரகமாயின. சில குன்றுகள் உள்ளே உருகி, இரும்பு தனியே பிரிந்ததும் உண்டு. கொடைக்கானலில் 1898ல் அகப்பட்ட இரும்புக் கல் உருகிப் பிரிந்த வகையைச் சேர்ந்தது. துளிகளை உருக்கின நெருப்பு எது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. அதை அவர்கள் மறைக்கவில்லை.

வயதை எப்படிக் கண்டார்கள்? யுரேனியம் ஒரே கணக்காக ஈயமாய் மாறுகிறது. அந்த ஈயத்தை அளந்தால் வயது தெரியும். 1969ல் மெக்ஸிகோவில் விழுந்த அயெண்டே போன்ற கற்களிலுள்ள வெண்மணிகள்தான் சூரிய குடும்பத்தில் மூத்தவை. வயது சுமார் 456 கோடியே 70 லட்சம் வருஷம்.

"பிரம்மாவுக்கு ஒரு பகல் 432 கோடி வருஷம், ரிஷிகள் முன்பே கண்டுவிட்டார்கள்" என்று சிலர் சொல்லக்கூடும். அதே கணக்குப்படி இந்தப் பகலில் கழிந்தது சுமார் 197 கோடிதானே! எங்கே பொருந்துகிறது? பொருந்தினாலும், எந்தக் கல்லை எவர் அளந்தார்? வந்த வழியைக் காட்டாத கணக்கை அறிவுள்ளவன் எப்படி ஒப்புவான்?

ஆகையால் தோழர்களே! நாளை உங்கள் புஞ்சையில் ஒரு கல் விழுந்தால் மஞ்சள் பூசி நட்டு வைக்காதீர்கள். இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அதிகாரிகள் மூலம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் சேர்ப்பியுங்கள். பூமி பிறந்த கதையை அந்தக் கல்லே சொல்லும்.