கடலடியில் ஒரு மரம்

கடற்கரையில் வாழும் மக்களுக்கு அலை ஒதுக்கும் பொருள்கள் புதியனவல்ல. சங்கும் சிப்பியும், உடைந்த மரக்கலத்தின் பலகையும் கரையேறுவது இயல்பு. ஆயின், பல நூற்றாண்டுகளாக மாலைதீவின் கரைகளில் இடையிடையே ஒதுங்கிய ஒரு கொட்டை கண்டோரையெல்லாம் திகைக்கவைத்தது. இரண்டு தேங்காய்களை அருகருகே வைத்து ஒட்டியது போன்ற வடிவம்; கரிய நிறம்; மனிதத் தலையினும் பெரிய பருமன். அதனைக் காய்க்கும் மரத்தைக் கண்டவர் அங்கு எவருமிலர்.

மரமின்றிக் காய் உண்டோ? கண் காணாத மரத்தை மனம் வளர்க்கத் தொடங்கியது. நிலத்தில் அம்மரம் இல்லையாதலின், அது கடலடியிலேயே நிற்கின்றது என்றனர் மாலுமிகள். கடற்றேங்காய் என்னும் பெயருக்கு ஏற்ற கதை அது. 1563ஆம் ஆண்டு கோவாவில் நூல் வெளியிட்ட போத்துக்கேய மருத்துவர் கார்சியா தா ஓர்த்தா, வேறொரு கதையைக் குறித்துவைத்தார். மாலைதீவு முன்பு பெருநிலமாக இருந்து கடலில் அமிழ்ந்ததாம். அப்போது புதையுண்ட மரங்களின் காய்களே இவையாம். கடல்கோட் கதைகளைக் கேட்டு வளர்ந்த தமிழருக்கு இவ்விளக்கம் விந்தையாகத் தோன்றாது.

அம்பொன் தீவில் வாழ்ந்த இயற்கைநூல் அறிஞர் றம்பியசு (1627–1702) எழுதிவைத்த கதை இன்னுஞ் சுவையானது. யாவாவுக்குத் தெற்கே நடுக்கடலில் ஒரு மரம். அதிலே கருடன் என்னும் பெரும்பறவையின் கூடு. அப்பறவை யானையையும் புலியையும் தூக்கிவந்து உண்ணும். அருகே செல்லும் கப்பல்களை நீரோட்டம் இழுத்துக்கொள்ளும். பறவைக் கதை ஒருபுறமிருக்க, அக்காய் கடலில் விளைவதே என்பது அவ்வறிஞரின் கருத்துமாயிருந்தது.

கதை வளர, விலையும் வளர்ந்தது. அதன் ஓட்டிற் பருகினால் நஞ்சு முறியும் என்ற நம்பிக்கை பரவியது. நஞ்சுக்கு அஞ்சாத அரசர் அந்நாளில் யார்? பேரரசர் இரண்டாம் றூடோல்புக்காக 1602ஆம் ஆண்டளவில் வெள்ளியும் பொன்முலாமும் கொண்டு அணிசெய்யப்பட்ட கடற்றேங்காய்க் கலம் இன்றும் வியன்னா நகர அரும்பொருட்சாலையில் இருக்கின்றது. மாலைதீவிலோ, கரையொதுங்கிய காய் அரசனுக்கே உரியது. 1602 முதல் 1607 வரை அங்கே சிக்கியிருந்த பிரான்சியர் பிராட் என்பவர், ஏழையொருவன் திடீரெனச் செல்வனானால், கடற்றேங்காய் கண்டெடுத்தான் என்று அயலார் பேசிக்கொள்வர் என எழுதுகின்றார்.

1768இல் மருமம் அவிழ்ந்தது. சீஷெல்ஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த பிரஸ்லின் தீவிற்குச் சென்ற பிரான்சியர், அம்மரத்தை நிலத்திலேயே கண்டனர். உலகில் அது தானாக வளருமிடம் பிரஸ்லினும் அயலிலுள்ள கியூரியூசுந் தவிர வேறில்லை. புதிய காய் நீரில் அமிழ்ந்துவிடும். உள்ளீடு அழுகிக் கோறையான காயே மிதந்து செல்லும். கரையொதுங்கியவை முளையாமற்போனதன் காரணம் இதுவே. பின்னர், கப்பல் நிறையக் காய்கள் இந்தியாவுக்குச் சென்றபோது விலையுஞ் சரிந்தது.

உண்மை கற்பனைக்குத் தோற்றதன்று. அவ்வித்தே உலகின் மிகப் பெரிய வித்து. காய் முற்ற ஆறேழு ஆண்டுகள் செல்லும். பெயர் தேங்காயாயினும் நெருங்கிய உறவு பனைக்கே. பனையைப் போல ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. பனங்கொட்டையைப் போலவே முளையைக் குழாயாக மண்ணுள் நீட்டி, கன்றைத் தள்ளி எழுப்பும். யாழ்ப்பாணத்து உழவனொருவன் அங்கு சென்றிருந்தால், தன் வீட்டு வளவின் சுற்றத்தை ஒருவாறு இனங்கண்டிருப்பான்.

மரத்தைக் கண்ட பின்னரும் கற்பனை ஓயவில்லை. புயல் வீசும் இரவில் ஆண்மரங்கள் பெண்மரங்களை நாடி நடக்கும் என்பது சீஷெல்ஸ் மக்களின் கதை. 1881இல் அங்கு சென்ற ஆங்கிலப் படைத்தலைவர் கோர்டன், ஆதாமும் ஏவாளும் வாழ்ந்த ஏதேன் தோட்டம் இதுவே என்று கருதினார்.

முன்னோரின் ஊகங்களை நகைப்பது எளிது. ஆயின், கையிற் கிடைத்த காயையும் கண்முன் விரிந்த கடலையும் வைத்துக்கொண்டு வேறென்ன எண்ணியிருக்க முடியும்? இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்களே, அக்கேள்வி பெரிது. தீங்கு விளைத்தது கதையன்று. கதைக்கு இட்ட விலை. அவ்விலை இன்னுஞ் சாகவில்லை. களவாகக் காய் பறிப்போரால் அம்மரம் இன்று அழிவை எதிர்நோக்கும் இனங்களுள் ஒன்றாகிவிட்டது. பிரஸ்லினிலுள்ள மே பள்ளத்தாக்கு 1983இல் உலக மரபுரிமை இடமாக்கப்பட்டது. அங்கே காய்களைக் காத்துவருவது அதனாலேயே.

கடலடியில் தேடப்பட்ட அம்மரத்தைப் பார்க்க நேயர்கள் கப்பலேற வேண்டியதில்லை. பேராதனைத் தாவரவியற் பூங்காவில் அது நிற்கின்றது. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், விடையை உடனே கூறிவிடாது, காயைக் காட்டி, இது எங்கிருந்து வந்திருக்கும் என்று முதலில் அவர்களைக் கேட்பார்களாக.