எண்ணும் தேதியும்



மைதானத்தில் ஒரு சுற்றுகூட ஓடியறியாமல், ஓடியவர்களைப் பற்றிய ஏடுகளைப் புரட்டியே காலம் கழித்த என்னைத் தலைமைப் பீடத்தில் அமர்த்தியிருக்கிறீர்கள். இந்தக் கௌரவத்தால் மனம் நிறைந்திருப்பது உண்மை. மருந்தியலிலும் சட்டத்திலும் துறைபோகியவர்கள் முன்வரிசையில் வீற்றிருக்கக் காண்கையில் நாக்குச் சற்றே வறள்வதும் உண்மை.

மாநாட்டின் பொருள் ‘உயரமும் இரத்தமும்’. கேமரன் மலைத் தானா ராத்தாவின் குளிரில் கூடியிருப்போர்க்குப் பொருத்தமான தலைப்பே. மலைவாசத்தால் இயல்பாகப் பெருகும் சிவப்பணுவையும் எரித்ரோபொயட்டின் ஊசியால் பெருகுவதையும் பிரித்தறிய, வீரரின் இரத்த அளவுகளைத் தொடர்ந்து பதிந்துவரும், 2009-இல் நடைமுறைக்கு வந்த உயிரியல் கடவுச்சீட்டு எவ்வளவு தூரம் துணைசெய்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே அவ்விஷயத்தைக் கட்டுரையாளர்களிடம் ஒப்படைத்துவிட்டு, நம் ஆராய்ச்சியில் அநாதையாகக் கிடக்கும் ஓர் ஆதாரத்தைப் பற்றிப் பேச உங்கள் அனுமதியை வேண்டுகிறேன்.

அது, ஊக்கமருந்துச் சோதனையில் சிறுநீர் மாதிரியோடு பிரயாணம் செய்யும் காகிதம். வீராங்கனை தாமே ஒரு பெட்டியைத் தேர்ந்து, ஏ, பி என்னும் இரு புட்டிகளில் மாதிரியைப் பங்கிட்டு, மூடியைத் திருகி, புட்டியின் எண்ணும் படிவத்தின் எண்ணும் ஒன்றுதானா என்று சரிபார்த்து, கடந்த 7 நாட்களில் உட்கொண்ட மருந்துகளை எழுதிக் கையெழுத்திடுகிறார். அதுவரை யாவும் அவர் கண்ணெதிரே நடக்கின்றன. அப்பால் புட்டி எங்கே, எந்த வெப்பத்தில் இருந்தது, எந்நாளில் ஆய்வுக்கூடம் சேர்ந்தது, முடிவு யாருக்கு எப்போது சொல்லப்பட்டது என்பவையெல்லாம் அவர் காணாத இடத்தில் பிறர் எழுதும் குறிப்புகளில் அடங்கிவிடுகின்றன. நாமோ கடைசியில் வரும் எண்ணை மட்டும் கையிலெடுத்து வாதாடுகிறோம்.

1994 ஜூனில் லிஸ்பனில் ஓடிய பிரிட்டிஷ் வீராங்கனை டயான் மோடாலின் மாதிரியில் டெஸ்டோஸ்டிரோன்–எபிடெஸ்டோஸ்டிரோன் விகிதம் 42-க்கு 1 என்று வந்தது; அன்றைய வரம்போ 6-க்கு 1. நான்காண்டுத் தடை விழுந்தது. மாதிரி குளிர்பதனமின்றி வெப்பத்தில் கிடந்தமையால் பாக்டீரியா புகுந்து அந்த எண்ணைப் பெருக்கியிருக்கக் கூடும் என்ற வாதம் எழுந்தபின், 1995-இல் மேல்முறையீட்டில் அவர் விடுவிக்கப்பட்டார். சாக்கில் அடைத்த கொழுந்து நேரத்தோடு ஆலைக்குப் போகாவிட்டால் சூடேறிக் கெடும் என்பதும், பிறகு தேநீரின் நிறத்தைப் பார்த்துச் செடியைப் பழிப்பது நியாயமன்று என்பதும் இந்தக் கேமரன் மலையில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

சென்ற மாநாட்டில் நண்பர் ஒருவர், மோடாலின் வழக்கு அபூர்வமான விதிவிலக்கு, அதைக் காட்டி விதியைக் குலைக்கலாகாது என்று, என் பெயரைக் குறிப்பிடாமலே என் கட்டுரையை மறுத்தார். அவருடைய நாகரிகத்துக்கு நன்றி. ஆனால் அது விதிவிலக்கு என்று தெரிய வந்ததே யாரோ அந்தக் குறிப்புகளைத் தேடிப் படித்ததனால்தானே? எவரும் படிக்காத கட்டுகளில் எத்தனை விதிவிலக்குகள் உறங்குகின்றன என்பதை நண்பர் எந்தப் பிரமாணத்தைக் கொண்டு கணக்கிட்டார்?

இனி நம்மவர் வழக்கு. திருச்சிராப்பள்ளியை அடுத்த முடிகண்டத்துக் கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரல் 22 அன்று தோஹாவில், ஆசியத் தடகளப் போட்டியின் 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். ஆனால் மார்ச் 18 அன்றே பாட்டியாலாவில் எடுத்த மாதிரியில் நாண்ட்ரோலோன் இருந்தது. தடைசெய்த மருந்து எதையும் உட்கொண்டதில்லை என்று அவர் மறுத்தார்; ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகள் அவருக்கு எதிராகவே பேசின; 2023 மே 16 வரை தடை, பதக்கமும் பறிபோயிற்று. அந்தத் தீர்ப்பை நான் மறுவிசாரணை செய்யவில்லை. நான் கேட்பதெல்லாம் இடைப்பட்ட 35 நாட்களைப் பற்றித்தான். பாட்டியாலா முடிவு முன்பே தெரிந்திருந்தால் அவரை அனுப்பியிருக்கவே மாட்டோம் என்று இந்தியத் தடகளச் சம்மேளனமே அப்போது குறைபட்டுக்கொண்டது. அனுப்பாதிருந்தால், இரண்டாவதாக வந்த சீன வீராங்கனை அன்றே தம் நாட்டுக் கீதத்தோடு மேடையேறியிருப்பார். தமிழகம் பரிசுகள் அறிவித்துக் கொண்டாடிய பெண், ஒரு மாதம் கழியுமுன் அதே தமிழகத்தின் முன் தலைகுனிய நேர்ந்திராது.

ஆக, லிஸ்பனில் வெப்பத்தில் கிடந்த காலம் எண்ணையே கெடுத்திருக்கக் கூடும் என்றால், பாட்டியாலாவில் எண் சரியாகவே இருந்தும் காலதாமதம் அநீதி செய்தது. உடம்பில் புகுந்த அணுவளவுக்கும் வீரரே பொறுப்பு என்னும் விதியை உயிரெனப் போற்றும் சட்ட அறிஞர்களை வணங்கிக் கேட்கிறேன்: ஓடுகிறவரை ஒவ்வொரு நானோகிராமுக்கும் பொறுப்பாளியாக்கும் நீதி, சோதிக்கிறவரை ஒவ்வொரு நாளுக்கும் பொறுப்பாளியாக்க ஏன் தயங்குகிறது?

மாதிரி எடுத்த நாள், ஆய்வுக்கூடம் சேர்ந்த நாள், வீரருக்குச் சொன்ன நாள் என்னும் மூன்று தேதிகளையும் குறிப்பிடாத கட்டுரை எதுவாயினும், அதன் ஆசிரியர் எவ்வளவு பெரியவராயினும், அமர்வுத் தலைவர்கள் முதற் கேள்வியாக அவற்றையே கேட்க வேண்டுமென்று பணிந்து கேட்டுக்கொண்டு, மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.