ஜெர்மனியிலிருந்து வந்த தந்தி

1872 நவம்பர் கடைசியில், சென்னை வானாய்வகத்தில் இருந்த நார்மன் போக்சனுக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு தந்தி வந்தது. அனுப்பியவர் கோட்டிங்கன் வானியலாளர் கிளிங்கர்ஃப்யூஸ். பீலா வால்நட்சத்திரம் 27ஆம் தேதி பூமியை உரசிப் போயிருக்கிறது, தென்வானில் செண்டாரஸ் விண்மீன் கூட்டத்தின் பக்கம் தேடுங்கள் என்றது செய்தி. அந்த 27ஆம் தேதி இரவுதான் ஐரோப்பாவில் எரிநட்சத்திரங்கள் மழையாகக் கொட்டியிருந்தன.

சென்னையிலோ மேகம். போக்சன் விடவில்லை. டிசம்பர் தொடக்கத்தில், அடுத்தடுத்து இரண்டு விடியற்காலைகளில் ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்தே விட்டார்! அது பீலாதானா என்ற விவாதம் வெகுகாலம் நடந்தது. என்னைக் கேட்டால், அந்த விடாப்பிடிதான் பெரிது.

அதற்கு முன்பே, 1861இல், அவர் சென்னையில் கண்டுபிடித்த சிறுகோளின் பெயர் ஆசியா. நம் வாணியம்பாடிக்குத் தெற்கே, ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்தில் 1988இல் கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். ஆம்பூர், வேலூர் நேயர்களே, பிள்ளைகளோடு ஒருமுறை காவலூர் போய் வாருங்கள்.