இரு குரல்கள், ஓர் இசைத்தட்டு

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றுக்கு இப்பால் செயின்ட் லூயி நகரும் அப்பால் தானுமாக, பெல்வில் என்றோர் ஊர் உண்டு. அவ்வூர் உயர்நிலைப் பள்ளியில் நண்பரான ஜே ஃபர்ரார், ஜெஃப் ட்வீடி என்னும் இருவர் சேர்ந்து நடத்திய குழு 'அங்கிள் டுபெலோ'. அக்குழுவின் நான்காவதும் இறுதியானதுமான இசைத்தட்டு, 1993-இல் வெளிவந்த 'ஆனோடைன்'.

இவர்களுடைய இசையை 'ஆல்டர்னேட்டிவ் கண்ட்ரி' என்பர். கண்ட்ரி இசையின் பிடிலையும் பாஞ்சோவையும் கைவிடாது, மின்கித்தாரின் முரட்டு ஓசையையும் அவற்றோடு கூட்டுவது அது. மொழிபெயர்ப்பே தொழிலாகிவிட்ட எனக்கு, 'மாற்று இசை' என்று எழுதிவிட்டு அமைய மனமில்லை. பழையதைத் தள்ளிவிட்டு வந்த மாற்றன்று இது. பொன்னை உரைத்து மாற்றுக் காண்கிறோமே, அந்த மாற்று எனில் பொருந்தும். இவர்கள் முதல் தட்டுக்கு இட்ட பெயரே, கார்ட்டர் குடும்பத்தார் 1936-இல் பதிவு செய்த பாடலொன்றிலிருந்து எடுத்ததுதான்.

'ஆனோடைன்' என்றால் நோவு தணிக்கும் மருந்து. டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், அனைவரும் ஒருங்கிருந்து வாசிக்க, வாசித்தது வாசித்தவாறே பதிவாயிற்று. பின்னர் எதனையும் மேலே ஏற்றவில்லை. ஆகவே குரலின் இயல்பு ஒளிவதற்கு இடமில்லை.

ஃபர்ராரின் குரல் கனத்தது; ஆழ்ந்தது. இருபத்தாறு வயதினர் பாடுகிறார் என்று நம்புவது அரிது. உயிரெழுத்துக்களை நீட்டி நீட்டிச் செல்வார். சொல் விளங்காவிடினும் துயரம் விளங்கும். ட்வீடியினுடையதோ கரகரத்த, மெலிந்த குரல். உச்சியில் சற்றே உடையும். நாஷ்வில்லில் 1942-இல் தோன்றிய பாடற் பதிப்பகம் ஒன்றைப் போற்றிக்கூட அவர் பாடுவார், உறவினரைப் பற்றிப் பேசுவதுபோல.

நெடுங்காலம் நான் ஃபர்ரார் கட்சி. ட்வீடியின் முறை வந்தால் முள்ளைத் தூக்கி அடுத்த பாடலில் வைத்ததும் உண்டு. பின்னர் கல்லூரித் தோழர் ஒருவரோடு, அற்பக் காரணத்தால், பேச்சற்றுப் போயிற்று. அந்நாளில் ஓரிரவு இத்தட்டைக் கேட்டேன். ஃபர்ராரின் குரல் என் துயரத்தைக் கல்லிற் பொறித்துக் காட்டியது, அவ்வளவே. அருகில் வந்து அமர்ந்தது அந்த உடைந்த குரல்தான். திறமையில் ஃபர்ராரே மூத்தவர் என்பதை இன்றும் மறுக்கமாட்டேன்.

தட்டு வெளிவந்த மறு ஆண்டே, 1994 மே முதல் நாள், செயின்ட் லூயியில் குழு இறுதியாகப் பாடிப் பிரிந்தது. ஃபர்ரார் 'சன் வோல்ட்' குழுவையும், ட்வீடி 'வில்கோ' குழுவையும் அமைத்தனர்.

கேட்க விரும்புவோர் 'சிகமாகா'வில் தொடங்கலாம். 1863-ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர்க்களம் ஒன்றின் பெயர் அது. ஃபர்ரார் பாடி முடித்தபின்னும் அவருடைய மின்கித்தார் சினம் தணியாது முழங்கும். அடுத்தது 'நியூ மாட்ரிட்'. 1990-இல் நிலநடுக்கம் வருமென ஒருவர் முன்னறிவித்து, வராமற்போன ஊர். முழக்கம் ஓய்ந்ததும் பாஞ்சோ எழும். அதன்மேல் ட்வீடியின் குரல், எதுவும் நடவாததுபோல வந்து சேரும்.