கையில் வந்த இடம்



முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் விரும்பிய கல்லூரி இல்லை. அல்லது வீட்டு நிலைமை சரியில்லை. சேர்வதா, அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிப்பதா? செய்யூர்ப் பக்கத்து வீடுகளில் இப்போது இதே பேச்சுதான்.

1930இல் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகருக்கு, கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்ய அரசு உதவித்தொகை கிடைத்தது. வயது 19. வீட்டிலோ தாய் சீதாலட்சுமி நோய்ப்படுக்கையில். தயங்கிய மகனைப் போகச் சொன்னவர் அந்தத் தாய்தான். ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பலேறினார். கப்பலில் தொடங்கிய விண்மீன் கணக்கு அவர் பெயரை நிலைநிறுத்தியது. 1983இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் 1931 மே மாதம் தாய் இறந்தபோது மகன் அருகில் இல்லை. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

லூக்கா 14ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிறார். காத்திருக்கும் ஓராண்டுக்கும் செலவு உண்டு, பிள்ளைகளே. அந்த ஆண்டில் என்ன படிப்பீர்கள், எந்தத் தேர்வை மீண்டும் எழுதுவீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 'கேட்' எழுதியவர்களுக்கு மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். தாள் வெறுமையாகவே இருந்தால், கிடைத்த இடத்தில் சேர்ந்துவிடுங்கள்.

பெற்றோரே, ஊர் என்ன சொல்லும் என்பதை அந்தத் தாளில் எழுதாதீர்கள்.